அழைப்பது அரசு, வரவேற்பது சபை: அமெரிக்காவில் சமயத் தொண்டு நிறுவனங்கள் அகதி அரசியலில் சிக்கியது எப்படி?

2025 ஜனவரி கடைசியில் அமெரிக்கத் துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் தன் சொந்தத் திருச்சபையின் ஆயர்களைக் கடிந்துகொண்டார். சட்டவிரோதக் குடியேறிகளைக் குடியமர்த்த 10 கோடி டாலருக்கு மேல் அரசுப் பணம் வாங்கும் கத்தோலிக்க ஆயர் பேரவைக்கு உண்மையில் மனிதாபிமானக் கவலையா, வருமானம் போய்விடுமே என்ற கவலையா என்று கேட்டார். 2019இல் கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்றவர் அவர். நியூயார்க் கர்தினால் டிமோதி டோலன் அதை அவதூறு என்று திருப்பிச் சாடினார்.

ஏப்ரல் 7 அன்று அதே ஆயர் பேரவை, அகதிகள் பணிக்காக அரசோடு செய்துவந்த ஒப்பந்தங்களை இனிப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. ஆட்கள் வருவது நின்றது, பணம் நின்றது, தொடர முடியவில்லை என்பது காரணம். அடுத்த மாதம் ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த எபிஸ்கோபல் சபையும் விலகியது. ஆனால் அவர்கள் விலகியது, அரசு ஆட்களை அனுப்பத் தொடங்கியதால்!

செய்தியை மேலோட்டமாகப் படித்தால் தலை சுற்றும். அகதிகளை வரவேற்பது சபையின் பணியா, அரசின் பணியா? அரசுப் பணம் ஏன் ஆயர்களிடம் போகிறது? வர வேண்டாம் என்று ஒரு மாநில ஆளுநர் சொல்ல முடியுமா? அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில், யாரைப் பற்றிப் பேசுகிறோம்?

இந்தச் சண்டையில் பாதிக் குழப்பம் மூன்று வகை மனிதர்களை ஒரே பெயரால் அழைப்பதால் வருகிறது.

1. அகதி: சொந்த நாட்டில் இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணங்களால் துன்புறுத்தலுக்கு அஞ்சி வெளியேறி, இன்னொரு நாட்டில் காத்திருப்பவர். பெரும்பாலும் ஐ.நா. அகதிகள் ஆணையம் பரிந்துரைக்கும். அமெரிக்க அதிகாரிகள் அங்கேயே போய் நேர்காணல் செய்வார்கள். கைரேகை, பாதுகாப்புச் சோதனை, மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடிய ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆவது சாதாரணம். அதற்குப் பிறகுதான் விமானம். அமெரிக்காவில் இறங்கும் நாளிலிருந்தே அவர் சட்டப்படி குடியிருப்பவர். வேலை செய்யலாம், ஓராண்டு கழித்து கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

2. புகலிடம் கோருபவர்: எல்லைக்கு வந்தோ, உள்ளே வந்த பிறகோ "எனக்குப் பாதுகாப்பு கொடுங்கள்" என்று கேட்பவர். முடிவு வரும்வரை வழக்கு நடக்கும்.

3. ஆவணமில்லாமல் வாழ்பவர்: விசா முடிந்தும் தங்கியவர், எல்லையைத் திருட்டுத்தனமாகக் கடந்தவர்.

ஆயர் பேரவை வாங்கிய பணம் பெரும்பகுதி முதல் வகையினருக்கானது. மீதியில் ஒரு பங்கு, பெற்றோர் இல்லாமல் எல்லையில் பிடிபட்ட குழந்தைகளைப் பராமரிக்க அரசே கேட்டுக்கொண்டதற்காக. வான்ஸ் முதல் வகைக்கான தொகையை எடுத்து மூன்றாம் வகைக்கான பெயரை ஒட்டினார். தொகை ஏறக்குறைய சரி, பெயர் தவறு.

அதேசமயம் கத்தோலிக்கத் தொண்டு அமைப்புகள் இரண்டாம் வகையினருக்கும் உதவுகின்றன என்பதும் உண்மை. டெக்சாஸின் மெக்காலன் நகரில் அருட்சகோதரி நார்மா பிமென்டல் 2014 முதல் நடத்திவரும் ஓய்வகம் அதற்குப் பெயர் பெற்றது. ஆனால் அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் எல்லைக் காவல் படையே பதிவு செய்து, நீதிமன்றத் தேதி கொடுத்து, வெளியே விட்டவர்கள். பேருந்து நிலையத்தில் கைக்குழந்தையோடு நிற்பவருக்கு ஒரு வேளைச் சாப்பாடும் குளிக்க இடமும் கொடுப்பது வேறு, யாரை உள்ளே விடுவது என்று முடிவெடுப்பது வேறு.

வேலை எப்படிப் பங்கு போடப்பட்டது

அமெரிக்காவில் சபைகள் அகதிப் பணிக்கு வந்தது அரசு கூப்பிட்டதால் இல்லை. ரஷ்யாவில் யூதர்களுக்கு எதிரான கலவரங்களிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு உதவ யூதர்கள் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்த ஹையாஸ் என்ற அமைப்பு, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தன் வேரைக் காண்கிறது. கத்தோலிக்க ஆயர்கள் 1920இல் குடியேற்றத்துக்கென ஓர் அலுவலகம் திறந்தார்கள். லூத்தரன் அமைப்பு 1939இல், எவாஞ்சலிக்கல் (விவிலியத்தை மையமாகக் கொண்ட, பெரும்பாலும் பழமைவாதப் புராட்டஸ்டன்ட்) சபைகளின் வேர்ல்ட் ரிலீஃப் 1944இல், பல புராட்டஸ்டன்ட் சபைகள் சேர்ந்த சர்ச் வேர்ல்ட் சர்வீஸ் 1946இல் தோன்றின. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஐரோப்பியர்கள், ஹங்கேரியர்கள், கியூபர்கள், பிறகு 1975இல் சைகோன் வீழ்ந்ததும் வியட்நாமியர்கள் என்று அலை அலையாக வந்தவர்களை ஊர் ஊராகப் பிரித்து ஏற்றுக்கொண்டவை பெரும்பாலும் இந்த அமைப்புகள்தான்.

1980இல் இயற்றப்பட்ட அகதிகள் சட்டம் அந்த நடைமுறையை நிலைப்படுத்தியது. அதன்படி:

1. ஒவ்வொரு நிதியாண்டும் (அக்டோபர் 1இல் தொடங்கும்) எத்தனை அகதிகளை அனுமதிக்கலாம் என்ற உச்சவரம்பை, நாடாளுமன்றத்தைக் கலந்தாலோசித்து அதிபர் நிர்ணயிப்பார்.

2. வெளியுறவுத் துறை தேசிய அளவில் சில நிறுவனங்களோடு ஒப்பந்தம் போடும். நீண்ட காலம் ஒன்பது நிறுவனங்கள், அதில் ஆறு சமய அமைப்புகள். 2022இல் பெத்தனி கிறிஸ்டியன் சர்வீசஸ் பத்தாவதாகச் சேர்ந்தது.

3. அனுமதி பெற்ற குடும்பங்களை எந்த நிறுவனம், எந்த ஊரில் ஏற்றுக்கொள்ளும் என்பது கூட்டம் போட்டுப் பிரிக்கப்படும். பொறுப்பேற்ற நிறுவனத்தின் உள்ளூர்க் கிளை விமான நிலையத்துக்குப் போய் அழைத்துவரும். வாடகை வீடு, பாத்திரம் பண்டம், பிள்ளைகளுக்குப் பள்ளி, மருத்துவர், சமூகப் பாதுகாப்பு எண், முதல் வேலை என்று அத்தனையையும் முதல் 90 நாட்களுக்குள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

4. இதற்கு அரசு தலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை தரும். அந்தப் பணத்தில் மதப் பிரசாரம் செய்யக் கூடாது.

இலைக்கு இவ்வளவு என்று பேசும் கல்யாணச் சமையல் ஒப்பந்தத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும். யாரை அழைப்பது என்பது சமையல்காரர் கையில் இல்லை. ஆனால் அண்டா, அடுப்பு, ஆள் எல்லாவற்றையும் அவர் முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் பாதிப் பேர் வரவில்லை என்றால் நட்டம் அவருக்கு.

இலை எண்ணிக்கை எப்படி ஏறி இறங்கியது என்று பாருங்கள். 1980இல் வந்தவர்கள் 2 லட்சத்து 7 ஆயிரம் பேர். 2016இல் சுமார் 85 ஆயிரம். டிரம்ப் முதல் ஆட்சியின் கடைசி முழு நிதியாண்டான 2020இல் 12 ஆயிரத்துக்கும் குறைவு. 2024இல் மறுபடி ஒரு லட்சம். 2026 நிதியாண்டுக்கான உச்சவரம்பு 7,500. எந்த அலுவலகமும் இந்த ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி ஆள் வைத்துக்கொள்ள முடியாது. 2017 பிப்ரவரியில், டிரம்ப் உச்சவரம்பைக் குறைத்த சில வாரங்களிலேயே, வேர்ல்ட் ரிலீஃப் ஐந்து அலுவலகங்களை மூடி 140 பேருக்கு மேல் வேலையிலிருந்து நீக்கியது. 2021இல் காபூல் வீழ்ந்து 70 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆப்கானியர்கள் வந்து இறங்கியபோது, அவர்களை ஏற்க வேண்டிய கட்டமைப்பு பல ஊர்களில் சுருங்கிக் கிடந்தது. மொழிபெயர்ப்பாளர்கள், வீட்டு உரிமையாளர்களோடு பழகிய ஊழியர்கள், தளவாடச் சாமான் சேகரித்த தொண்டர்கள் எல்லாரும் கலைந்து போயிருந்தார்கள். அதை மறுபடி கட்ட பைடன் ஆட்சியில் மூன்று ஆண்டுகள் பிடித்தன. கட்டி முடித்த கையோடு ஆட்சி மாறியது.

"பணத்துக்காகத்தான் செய்கிறார்கள்"

இந்தக் குற்றச்சாட்டு வான்ஸோடு தொடங்கியதல்ல. வலதுசாரி விமர்சகர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது. 2025 பிப்ரவரியில் முன்னாள் ராணுவ ஜெனரல் மைக்கேல் ஃபிளின், லூத்தரன் அமைப்புகளுக்குப் போகும் அரசுப் பணத்தைச் சமூக ஊடகத்தில் பட்டியலிட்டு, இது பண மோசடி என்றார். அந்தப் பணத்தை அரசுச் செலவைக் குறைக்க அமைந்த தன் குழு வேகமாக நிறுத்திக்கொண்டிருப்பதாக எலான் மஸ்க் அதற்குப் பதில் போட்டார். அந்த லூத்தரன் அமைப்பின், இப்போதைய பெயரில் குளோபல் ரெஃப்யூஜின், தலைவர் கிரிஷ் ஓ'மாரா விக்னராஜா இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், ஒன்பது மாதக் குழந்தையாகப் பெற்றோரோடு அமெரிக்கா வந்தவர் என்பது நம் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது.

சரி, கணக்கைப் பார்ப்போம். 2010இல் அரசு தலைக்கான தொகையை 900 டாலரிலிருந்து 1,800 டாலராக உயர்த்தியது. அதில் 1,100 டாலர் அகதிக்கே செலவாக வேண்டும், வாடகை முன்பணம், கட்டில், சாப்பாடு என்று. மீதி 700 டாலரில்தான் ஊழியர் சம்பளம், வண்டி, அலுவலகம் எல்லாம். பிறகு தொகை கொஞ்சம் உயர்ந்தாலும் அமைப்பு மாறவில்லை. மூன்று மாத வேலைக்கு 700 டாலர் என்பது லாபம் தேடுபவர் எட்டிப் பார்க்கும் தொழில் இல்லை. ஆயர் பேரவை 2023இல் அரசிடம் பெற்றது சுமார் 12.96 கோடி டாலர், செலவழித்தது 13.42 கோடி. மிச்சத்தைத் திருச்சபைதான் போட்டது.

விமர்சகர்கள் காட்டும் இன்னொரு விஷயம் பயணக் கடன். அகதியின் விமானக் கட்டணம் இலவசமில்லை. வட்டியில்லாக் கடனாகத் தரப்பட்டு, பிறகு தவணையில் வசூலிக்கப்படுகிறது. வசூலிக்கும் நிறுவனம் அதில் 25 சதவீதத்தைத் தன் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம். ஏழைக் குடும்பத்திடம் கடன் வசூலித்துக் கமிஷன் எடுக்கும் சபை என்ற படம் பார்க்க நன்றாக இல்லைதான். இதைச் சபைகளுக்குள்ளேயே சிலர் சங்கடமாகத்தான் பார்க்கிறார்கள்.

ஆக, பேராசை என்ற குற்றச்சாட்டு எண்களில் நிற்கவில்லை. சார்பு என்ற குற்றச்சாட்டு நிற்கிறது. நூறு டாலரில் தொண்ணூற்றைந்துக்கு மேல் அரசிடமிருந்து வந்தால், அந்தப் பணியின் அளவையும் வேகத்தையும், கடைசியில் உயிரையும், தீர்மானிப்பது வெள்ளை மாளிகைதான். அதைத் தங்கள் நம்பிக்கையின் வெளிப்பாடு என்று ஆயர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். கையெழுத்து போட்ட தாளில் அது சேவை ஒப்பந்தம்.

இந்த முரண் 2025இல் நீதிமன்றத்தில் அப்பட்டமானது. ஜனவரி 20 அன்று டிரம்ப் அகதிகள் திட்டத்தை நிறுத்தினார். ஜனவரி 24 அன்று ஏற்கெனவே வந்து சேர்ந்தவர்களுக்கான பணமும் நின்றது. அந்த நேரத்தில் 90 நாள் கெடு முடியாத 6,700க்கு மேற்பட்ட அகதிகள் ஆயர் பேரவையின் பொறுப்பில் இருந்தார்கள். அரசே ஒப்படைத்தவர்கள். செய்து முடித்த வேலைக்கான பாக்கியே சுமார் 1.3 கோடி டாலர். பேரவை வழக்குப் போட்டது. வாஷிங்டன் நீதிபதி ட்ரெவர் மெக்ஃபாடன் இடைக்காலத் தடை தர மறுத்தார். அவர் சொன்ன காரணம் எளிமையானது: இது ஒப்பந்தப் பணம் பற்றிய தகராறு, அதற்கென இருக்கும் வேறு நீதிமன்றத்துக்குப் போங்கள். திட்டத்தை நிறுத்தியதையே எதிர்த்து சர்ச் வேர்ல்ட் சர்வீஸ், ஹையாஸ், ஒரு லூத்தரன் அமைப்பு ஆகியவை சியாட்டிலில் போட்ட வழக்கில் நீதிபதி ஜமால் வைட்ஹெட் அரசுக்கு எதிராக உத்தரவிட்டார். ஆனால் மேல்முறையீட்டு நீதிமன்றம் அடுத்த மாதமே அதன் பெரும்பகுதியை நிறுத்திவைத்தது.

ஆளுநர் "வேண்டாம்" என்று சொல்லலாமா?

2015 நவம்பர் 13 அன்று பாரிஸில் பயங்கரவாதத் தாக்குதல். அடுத்த சில நாட்களில் அமெரிக்காவில் முப்பதுக்கு மேற்பட்ட ஆளுநர்கள் சிரிய அகதிகள் தங்கள் மாநிலத்துக்கு வரக் கூடாது என்றார்கள். அவர்களில் ஒருவர் இண்டியானா ஆளுநர் மைக் பென்ஸ், பிறகு துணை அதிபரானவர். இண்டியானாபொலிஸுக்கு வரவிருந்த ஒரு சிரியக் குடும்பம் கடைசி நேரத்தில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூஹேவனுக்குத் திருப்பிவிடப்பட்டது.

இன்னொரு குடும்பம் டிசம்பரில் வர வேண்டியிருந்தது. பொறுப்பு அங்குள்ள கத்தோலிக்கத் தொண்டு நிறுவனத்துடையது. இண்டியானாபொலிஸ் பேராயர் ஜோசப் டோபின் ஆளுநரை நேரில் பார்த்தார். அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். யோசித்தார். பிறகு அந்தக் குடும்பத்தை வரவேற்றார். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து எவாஞ்சலிக்கல் ஆன ஓர் ஆளுநருக்கு ஒரு பேராயர் பணிவாக "முடியாது" என்று சொன்னது அப்போது பெரிய செய்தி. பென்ஸ் அதைத் தடுக்கவில்லை. தடுக்க அவரிடம் வழியும் இல்லை, ஏனென்றால் யார் நாட்டுக்குள் வரலாம் என்பது மத்திய அரசின் அதிகாரம். வந்தவர் எந்த மாநிலத்துக்கும் போய் வாழலாம்.

ஆளுநரிடம் இருந்த ஒரே பிடி பணம். ஆங்கில வகுப்பு, வேலைப் பயிற்சி போன்றவற்றுக்கான மத்திய நிதி மாநிலத்தின் வழியாக வருகிறது. சிரியர்களுக்குச் செலவிட்டால் அதைத் தர மாட்டேன் என்றார் பென்ஸ். எக்ஸோடஸ் என்ற உள்ளூர் அகதிகள் அமைப்பு வழக்குப் போட்டு வென்றது. 2016 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் எழுதிய தீர்ப்பு, ஆளுநரின் அச்சத்துக்கு ஆதாரமே இல்லை என்றது. சிரியர்கள் என்பதற்காக ஒதுக்கவில்லை, பாதுகாப்புக்காகத்தான் என்ற வாதத்தையும் அவர் கேலியோடு தள்ளினார்.

2019 செப்டம்பரில் டிரம்ப் இதை வேறு வழியில் முயன்றார். மாநிலமும் உள்ளாட்சியும் எழுத்தில் சம்மதம் தந்தால்தான் அங்கே அகதிகளைக் குடியமர்த்தலாம் என்று ஆணையிட்டார். அவர் எதிர்பாராதது நடந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட ஆளுநர்கள் சம்மதம் தந்தார்கள், அதில் அவர் கட்சியினரும் ஏராளம். யூட்டா ஆளுநர் கேரி ஹெர்பர்ட், எங்களுக்கு இன்னும் நிறையப் பேரை அனுப்புங்கள் என்று அதிபருக்கே கடிதம் எழுதினார். மதத்துக்காக அடித்து விரட்டப்பட்ட மார்மன்கள் (அமெரிக்காவிலேயே தோன்றிய ஒரு சபையினர்) வந்து குடியேறிய மாநிலம் அது. அந்த நினைவு இன்னும் அவர்கள் அரசியலில் இருக்கிறது. மறுத்த முதல் ஆளுநர் டெக்சாஸின் கிரெக் அபாட், அவரும் கத்தோலிக்கர். டெக்சாஸ் ஆயர்கள் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார்கள்.

ஹையாஸ், லூத்தரன் அமைப்பு, சர்ச் வேர்ல்ட் சர்வீஸ் ஆகிய மூன்றும் மேரிலாந்தில் வழக்குத் தொடுத்தன. 2020 ஜனவரியில் நீதிபதி பீட்டர் மெசிட்டி ஆணையைத் தடுத்தார். 1980 சட்டம் மாநில, உள்ளாட்சி அமைப்புகளைத் தவறாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது, கலந்தாலோசிக்கச் சொல்கிறது. அவர்களுக்குத் தடுப்பு அதிகாரம் தரவில்லை.

இந்தக் கலந்தாலோசனை பல ஊர்களில் பெயரளவில்தான் நடந்தது என்ற புகாரில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். பள்ளிக்கு ஐந்து மொழி பேசும் ஐம்பது பிள்ளைகள் வரப்போகிறார்கள் என்பதைத் தலைமையாசிரியர் முன்கூட்டி அறிய வேண்டாமா? அகதிகளை எதிர்ப்போரின் வாதங்களில் எனக்குக் கனமாகப் படுவது இதுதான். பாதுகாப்பு வாதத்தை விடவும் இதற்குத்தான் சபைகள் சரியான பதில் வைத்திருக்க வேண்டும்.

டெக்சாஸைப் பற்றி ஒரு வேடிக்கை. 2016இல் மாநில அரசு அகதிகள் திட்ட நிர்வாகத்திலிருந்து விலகிக்கொண்டது. அகதிகள் வருவது நிற்கவில்லை. நிர்வாகம் தொண்டு நிறுவனங்களின் கைக்கே போனது. கென்டக்கியில் மாநில அகதிகள் அலுவலகத்தையே பல ஆண்டுகளாக லூயிவில் கத்தோலிக்கத் தொண்டு நிறுவனம் நடத்திவருகிறது. அரசு ஒதுங்க ஒதுங்க, சபை அரசாங்கம் போல ஆகிவிடுகிறது. "யார் இவர்களுக்கு அதிகாரம் கொடுத்தது?" என்ற கோபம் பிறகு அங்கிருந்தே கிளம்புகிறது.

தலைவர்கள் ஒரு பக்கம், சபையார் மறுபக்கம்

இது மதத்துக்கும் அரசியலுக்கும் இடையிலான சண்டை என்று எழுதுவது எளிது. பாதிக்கு மேல் இது மதத்துக்குள் நடக்கும் சண்டை.

பியூ ஆய்வு மையம் 2018இல் நடத்திய கருத்துக்கணிப்பில், அகதிகளை ஏற்கும் பொறுப்பு அமெரிக்காவுக்கு உண்டா என்று கேட்கப்பட்டது. மொத்தத்தில் 51 சதவீதம் பேர் உண்டு என்றார்கள். எந்த மதத்தையும் சாராதவர்களில் 65 சதவீதம். வெள்ளை எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் 25 சதவீதம் மட்டுமே. அதே எவாஞ்சலிக்கல்களின் பெயரில்தான் வேர்ல்ட் ரிலீஃப் அகதிகளைக் குடியமர்த்துகிறது. அதன் தலைவர்கள் விவிலியத்தைக் காட்டி அதிபருக்கு எதிராக அறிக்கை விடுகிறார்கள். வாராவாரம் அந்த ஆலயங்களில் உட்காருபவர்களில் பெரும்பான்மையினர் அதே அதிபருக்கு வாக்களிக்கிறார்கள்.

கத்தோலிக்கத் தரப்பில் வாதம் இறையியலாகவே மாறியது. தன் பேட்டிக்குச் சில நாள் கழித்து வான்ஸ், அன்புக்கும் ஒரு வரிசை உண்டு என்ற பழைய கிறிஸ்தவக் கருத்தை எடுத்தார்: முதலில் குடும்பம், பிறகு அண்டை வீட்டார், ஊர், சொந்த நாட்டினர், மிச்சமிருந்தால் உலகம். அகுஸ்தினார், அக்வினாஸ் காலத்திலிருந்து வரும் சிந்தனை அது, வான்ஸ் கண்டுபிடித்ததில்லை. பிப்ரவரி 10 அன்று போப் பிரான்சிஸ் அமெரிக்க ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில், பெயர் சொல்லாமல், அதற்குப் பதில் இருந்தது. கிறிஸ்தவ அன்பு நடுவிலிருந்து வட்டம் வட்டமாக விரிந்து கடைசியில் பிறரை எட்டுவதல்ல, அந்த வரிசை எதுவென்று அறிய, அடிபட்டுக் கிடந்த முன்பின் தெரியாதவனுக்கு உதவிய நல்ல சமாரியன் உவமையைத் தியானியுங்கள் என்றார். ஒரு போப் ஒரு நாட்டின் குடியேற்றக் கொள்கையைப் பற்றி அந்த நாட்டு ஆயர்களுக்கு இத்தனை நேராக எழுதுவது அரிது.

யூதத் தரப்பில் இந்த விவகாரம் ரத்தம் வரை போயிருக்கிறது. ஹையாஸ் இன்று உதவுபவர்களில் பெரும்பாலோர் யூதர்கள் அல்ல. 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் நகரின் ட்ரீ ஆஃப் லைஃப் தொழுகைக் கூடத்தில் 11 பேரைச் சுட்டுக் கொன்றவன், அதற்குச் சற்று முன் இணையத்தில் ஹையாஸைப் பெயர் சொல்லித் தாக்கி எழுதியிருந்தான். அந்தக் கட்டடத்தில் வழிபட்டுவந்த மூன்று சபைகளில் ஒன்று, அகதிகளுக்காக ஹையாஸ் நடத்திய ஓய்வுநாள் வழிபாட்டில் பங்கெடுத்திருந்தது.

எபிஸ்கோபல் சபை ஏன் விலகியது?

மீண்டும் 2025 மே மாதம். உலகெங்கும் அகதிகளுக்குக் கதவு மூடியிருந்தபோது, ஒரு கூட்டத்துக்கு மட்டும் திறந்தது: தென்னாப்பிரிக்காவின் வெள்ளை ஆஃப்ரிக்கானர்கள், அதாவது பெரும்பாலும் டச்சுக் குடியேறிகளின் வழிவந்தவர்கள். அவர்கள் இன அடிப்படையில் ஒடுக்கப்படுகிறார்கள் என்று டிரம்ப் பிப்ரவரியிலேயே ஆணை பிறப்பித்திருந்தார். தென்னாப்பிரிக்க அரசு அதை மறுத்தது. மே 12 அன்று முதல் குழுவாக 59 பேர் வாஷிங்டன் அருகே வந்து இறங்கினார்கள். ஒப்பந்தப்படி அவர்களில் சிலரைக் குடியமர்த்துமாறு எபிஸ்கோபல் சபையின் அகதிகள் பிரிவை அரசு கேட்டது.

எபிஸ்கோபல் சபை ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்தது. நம்மூர் சி.எஸ்.ஐ. சபையும் உறுப்பாக உள்ள அதே உலகக் குடும்பம். தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக்கு எதிராக நின்ற பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவின் சபையும் அதில்தான் இருக்கிறது. தலைமை ஆயர் ஷான் ரோ, இன நீதியில் தங்களுக்குள்ள உறுதியையும் தென்னாப்பிரிக்க ஆங்கிலிக்கன் சபையோடுள்ள உறவையும் சொல்லி, இதைச் செய்ய மாட்டோம் என்றார். பல ஆண்டுகளாகக் காத்திருக்கும் அகதிகளைத் தாண்டி, ஒரு குழு மட்டும் வரிசையில் முன்னால் கொண்டுவரப்படுவதைப் பார்ப்பது வேதனை என்று எழுதினார். ஏறத்தாழ 40 ஆண்டுகளில் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் பேரைக் குடியமர்த்திய திட்டம் அத்தோடு முடிவுக்கு வந்தது.

சர்ச் வேர்ல்ட் சர்வீஸ் எதிர்த் திசையில் போனது. அரசு நடந்துகொள்ளும் விதத்தைக் கண்டித்தபடியே, அகதி என்று அரசு ஏற்ற எவருக்கும், ஆஃப்ரிக்கானர்களுக்கும், உதவுவோம் என்றது.

இரண்டு முடிவுகளுக்கும் வலுவான தர்க்கம் உண்டு. ஆள் பார்த்து உதவினால் அது தொண்டாகாது, இன்று வெள்ளையரை மறுத்தால் நாளை முஸ்லிமை மறுக்கும் சபையை என்ன சொல்லிக் கண்டிப்பீர்கள் என்பது ஒன்று. தேர்வே இனம் பார்த்து நடக்கும்போது அதற்குக் கைகொடுப்பது நடுநிலை ஆகாது என்பது மற்றது. இந்த இக்கட்டு ஒப்பந்தத்திலிருந்தே பிறந்தது என்பதைக் கவனியுங்கள். அழைப்பவர் வேறு, வரவேற்பவர் வேறு என்று 1980இல் செய்த பங்கீடு, அழைப்பவர் ஓரளவு நியாயமாக அழைப்பார் என்ற நம்பிக்கையில் நின்றது.

ஒப்பந்தமே வேண்டாம் என்றால்?

அரசுப் பணத்தை விட்டால் சுதந்திரம் கிடைத்துவிடுமா? இரண்டு வழக்குகள் வேறு கதை சொல்கின்றன.

1980களில் எல் சால்வடார், குவாத்தமாலாவிலிருந்து உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்தவர்களை ரீகன் அரசு அகதிகளாக ஏற்க மறுத்தது. அந்த நாடுகளின் அரசுகள் அமெரிக்காவின் கூட்டாளிகள். சால்வடார் நாட்டவரில் நூற்றுக்கு மூன்று பேர் அளவுக்கே புகலிடம் கிடைத்தது. 1982 மார்ச் 24 அன்று அரிசோனாவின் டூசான் நகரில் போதகர் ஜான் ஃபைஃப் தன் பிரஸ்பிட்டேரியன் ஆலயத்தை அவர்களுக்கான அடைக்கலம் என்று வெளிப்படையாக அறிவித்தார். எல் சால்வடாரின் பேராயர் ரொமெரோ கொல்லப்பட்ட இரண்டாம் ஆண்டு நினைவு நாள் அது. நூற்றுக்கணக்கான சபைகள் பின்தொடர்ந்தன. அரசு ஒற்றர்களை வழிபாட்டுக்குள் அனுப்பியது. 1986இல் ஃபைஃப் உட்பட எட்டுப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது, யாரும் சிறைக்குப் போகவில்லை. ஆனால் சபைகள் தொடுத்த எதிர்வழக்கில் 1991இல் அரசு இறங்கிவந்து, மறுக்கப்பட்ட ஏராளமானோரின் மனுக்களை மறுபடி விசாரிக்க ஒப்புக்கொண்டது.

எல் பாசோ நகரில் 1978 முதல் தொண்டர்களால் நடத்தப்படும் கத்தோலிக்க அடைக்கல இல்லம் அனன்சியேஷன் ஹவுஸ். 2024 பிப்ரவரியில் டெக்சாஸ் அரசு தலைமை வழக்கறிஞர் கென் பாக்ஸ்டன், அங்கே தங்கியவர்கள் பற்றிய ஆவணங்களை ஒரே நாளில் தரும்படி கேட்டார். இல்லம் நீதிமன்றம் போனது. அவர் அந்த அமைப்பின் பதிவையே ரத்து செய்யக் கேட்டார். கீழ் நீதிமன்றம் இல்லத்தின் பக்கம். 2025 மே 30 அன்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, பாக்ஸ்டன் வழக்கைத் தொடரலாம் என்றது. இல்லம் குற்றம் செய்தது என்று தீர்ப்பளிக்கவில்லை. மதச் சுதந்திரச் சட்டம் வழக்கை வாசலிலேயே நிறுத்திவிடாது என்று மட்டும் சொன்னது. அந்த "மட்டும்" மற்ற அடைக்கல இல்லங்களை நடுங்கவைக்கப் போதுமானது.

வேறு நாடுகள் செய்த ஏற்பாடு

கனடாவில் குடிமக்களே குழுவாகச் சேர்ந்து, பணம் திரட்டி, ஓர் அகதிக் குடும்பத்தை ஓராண்டு பராமரிக்கலாம். அரசோடு முதல் ஒப்பந்தம் போட்டவர்கள் மெனனைட் என்ற புராட்டஸ்டன்ட் சபையினர், 1979 மார்ச்சில். அடுத்த ஆண்டு முடிவதற்குள் வந்த 60 ஆயிரம் இந்தோசீன அகதிகளில் பாதிக்கு மேல் இப்படித் தனியார் பொறுப்பில் வந்தவர்கள். இத்தாலியில் 2015 டிசம்பரில் கத்தோலிக்க சான்ட் எஜிடியோ சமூகமும் புராட்டஸ்டன்ட் சபைகளும் சேர்ந்து, லெபனானிலிருந்த சிரியர்களை மனிதாபிமான விசாவில் விமானத்தில் அழைத்துவர அரசோடு உடன்பாடு செய்தன. செலவு முழுக்கச் சபைகளுடையது. எத்தனை பேர் என்ற வரம்பு அரசுடையது. எண்ணிக்கை சிறியது, ஆனால் குடியேற்றத்தைக் கடுமையாக எதிர்க்கும் ஆட்சிகளிலும் இந்தத் திட்டம் நின்றுவிடவில்லை.

அமெரிக்காவும் 2023 ஜனவரியில் இதே பாணியில் வெல்கம் கோர் என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஐந்து பேராவது சேர்ந்து, ஓர் அகதிக்கு 2,425 டாலர் திரட்டினால் போதும். சபைகள் ஆர்வமாகச் சேர்ந்தன. 2025இல் அதுவும் நிறுத்தப்பட்டது. பணம் சபையாரின் பையிலிருந்து வந்தாலும் விமானத்தில் ஏற அனுமதி வேண்டும். 2026க்கான 7,500 இடங்களில் பெரும்பகுதி ஆஃப்ரிக்கானர்களுக்கு என்று அரசு ஒதுக்கியிருக்கிறது. மீதமுள்ள நிறுவனங்கள் இப்போது செய்துகொண்டிருப்பது பெரும்பாலும் பழைய வேலையின் மிச்சம்: ஏற்கெனவே வந்தவர்களுக்கு வேலை தேடித் தருவது, கிரீன் கார்டு மனு நிரப்புவது, பிரிந்த குடும்பத்தைச் சேர்க்கப் போராடுவது. அதற்கான பணத்தை ஆலய உண்டியலிலும் நன்கொடையாளர்களிடமும் தேடுகிறார்கள்.